வட்ட மேஜையின் இரண்டாவது வரிசை

திவ்யா போன் செய்தபோது மந்தைவெளி மார்க்கெட்டில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற மாநாட்டு ஏற்பாட்டுக் கம்பெனியில் இப்போது அவள்தான் மேனேஜர்.

"மேடம், ஒரு பெரிய இன்டர்நேஷனல் மீட்டிங் வருது. தீம் என்ன தெரியுமா? 'எவரும் விடுபடாத உலக நிர்வாகம்'. நாம ஒரு மலர் போடறோம். உங்க அனுபவம் ஒண்ணு எழுதிக் கொடுங்க. சின்னதா, பாசிட்டிவா."

சின்னதாக எழுதிவிடலாம். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். இது அந்த மலரில் வராது என்று தெரிந்தேதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சைதாப்பேட்டைப் பெண். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு தி.நகரில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது அது கல்யாண காண்டிராக்ட் கம்பெனி. பந்தல், நாற்காலி, மைக்செட். பிறகு டாக்டர்கள் மாநாடு நடத்தினோம். அதன் பிறகு வங்கிக்காரர்கள் வந்தார்கள், அதற்கும் பிறகு வெளிநாட்டார். தொழில் மாறிவிட்டதாக வெளியில் சொல்லிக்கொண்டோம். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், எதுவும் மாறவில்லை. சம்பந்தி வீட்டாரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அன்றைக்கும் கேள்வி, கடைசி வரைக்கும் கேள்வி. கல்யாணத்தில் யாராவது முறைத்துக்கொண்டு போனால் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசிக் கூட்டிவர ஒரு மாமா இருப்பார். நாடுகளுக்கு அப்படி ஒரு மாமா இல்லை. அந்த வேலையும் எங்கள் தலையில் விழுந்தது.

முதலாளி கோபாலன் சார் மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் ஹாலில் போட்டிருக்கும் ஒவ்வொரு நாற்காலியிலும் போய் உட்காருவார். ஒன்றைக்கூட விடமாட்டார். உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வார், மைக் பித்தானை அழுத்திச் சிவப்பு விளக்கு வருகிறதா என்று பார்ப்பார், பிறகு இரண்டு பக்கமும் மெதுவாகத் திரும்புவார். எதிரே என்னை நிற்க வைத்திருப்பார்.

"அரசி, இங்கேருந்து நீ தெரியற. உன் வாய் தெரியல. அந்தப் பூச்சாடிய எடுக்கச் சொல்லு."

என் பெயர் தமிழரசி. அவருக்கு அரசி போதும்.

தண்ணீர் பாட்டில் மூடியை முன்கூட்டியே லேசாகத் திருகித் தளர்த்தி வைக்க வேண்டும். கேமரா முன்னால் ஒரு மந்திரி மூடியோடு போராடக் கூடாது. பெயர்ப்பலகையில் நாட்டின் பெயர் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கம். "அவருக்கு எதுக்கு சார்?" என்று ஆரம்ப நாளில் கேட்டேன். "சாப்பாட்டுக்கப்பறம் தான் யார்னு அவாளுக்கே மறந்துபோயிடறது" என்றார்.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று அடம்பிடித்த கதை ஒன்று உண்டு. அகரவரிசைப்படிதான் ஆசனம். அந்த வரிசையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு நாட்டின் தூதர், எங்கள் அலுவலக வராந்தாவில் நின்றபடியே, தங்கள் நாட்டின் முழுப் பெயர் வேறு எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். மாற்றி உட்கார வைத்தோம். மாறிய இடத்தில் பக்கத்தில் வாய்த்தது அவர்களுக்கு அதைவிடப் பிடிக்காத இன்னொரு நாடு. அவர் திரும்பவும் வந்தார். கோபாலன் சார் காபி வரவழைத்துக் கொடுத்து, "இன்னொரு பேர் இருக்கா சார்?" என்று பணிவாகக் கேட்டார். தூதர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இனி அந்தக் கூட்டம். எங்கே, எப்போது, எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை. அடையாறு பக்கம் ஒரு ஹோட்டல் என்பது போதும். உச்சி மாநாடுகளைச் சீர்திருத்துவது எப்படி, உலக விவகாரங்களில் சின்ன நாடுகளுக்கும் இடம் கொடுப்பது எப்படி என்று பேசி முடிவெடுக்க மூன்று நாள் கூட்டம். சேர்ப்பதைப் பற்றிப் பேசுவதற்கு, ஏற்கெனவே சேர்ந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். சேராதவர்களுக்குச் சுவரோரமாக இரண்டாவது வரிசையில் 'பார்வையாளர்' என்று நாற்காலி. அந்த வரிசைக்கு மைக் கிடையாது. தண்ணீர் பாட்டில் உண்டு.

மேஜை வட்டமாக இருக்க வேண்டும் என்று மாநாட்டுச் செயலகத்திலிருந்து உத்தரவு. தலைமை இடம் என்று ஒன்று இருக்கக் கூடாதாம். சிந்தாதிரிப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த நூருல்லா பாய் துண்டு துண்டாகச் செய்து கொண்டுவந்து ஹாலில் இணைத்துப் பூட்டினார். பூட்டும்போதே முணுமுணுத்தார்.

"மேடம், தல இல்லாத மேஜன்னு சொன்னாங்க, சரி. அப்பால இன்னாத்துக்கு கேமரா பாக்குற சைடுக்கு மட்டும் தேக்கு ஷீட்டு ஒட்ட சொல்றாங்கோ? மத்த சைடுல குந்துறவன் மனுசன் இல்லியா?"

"அவங்க சொன்னா ஒட்டிடுங்க பாய்."

"ஒட்டிட்டேன். எனுக்கின்னா, கேட்டேன்."

தேக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் முதல் நாள் காலை முழுக்கப் போனது. தலை இல்லாத மேஜைக்குத் தலை எது என்று எல்லா நாட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது.

செலூனா வந்தது அதற்கு முந்தைய நாள். நடுக்கடலில் இருக்கும் ஒரு தீவு நாட்டின் மந்திரி. அக்கம்பக்கத்துத் தீவு நாடுகள் சிலவும் தங்கள் சார்பாகப் பேசச் சொல்லி அவரையே அனுப்பியிருந்தன. பெரிய நாடுகளிலிருந்து பெட்டி தூக்குவதற்கென்றே ஆட்கள் வந்திருந்தார்கள். இவர் தனியாக வந்தார். பெட்டியும் வரவில்லை. எந்த ஊரிலோ விமானம் மாறும்போது அது வேறு பக்கம் போய்விட்டது. மறுநாள் போட்டுக்கொள்ள உடை இல்லை.

"கூட்டிண்டு போய் ஏதாவது வாங்கிக் குடு அரசி" என்றார் கோபாலன் சார். ஆட்டோவில் தி.நகருக்கு அழைத்துப் போனேன். உஸ்மான் சாலையில் எனக்குப் பழக்கமான ஜவுளிக்கடை, திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி நடத்துவது. செலூனா நல்ல உயரம். எதை எடுத்தாலும் கை நீளம் பற்றவில்லை. அளவு தேடி ஆளை மாடிக்கு அனுப்பிவிட்டு அண்ணாச்சி பேச்சுக் கொடுத்தார்.

"அம்மா எந்த ஊரு?"

"கடலுக்கு நடுவுல ஒரு தீவு அண்ணாச்சி. கடல் உள்ள வந்துக்கிட்டே இருக்கு. கிணத்துத் தண்ணியெல்லாம் உப்பாயிடுச்சாம்."

"அட பாவமே. எங்க ஊர்ப் பக்கமும் ஒரு குப்பத்துல அப்படித்தான் கடல் ஏறிச்சு. எல்லாரும் மேக்க தள்ளி வீடு கட்டிக்கிட்டாவ. இவங்களும் மேக்க தள்ளிப் போகலாம்லா?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். செலூனா சிரித்தார். "எங்கள் ஊரில் மேற்கே தள்ளிப் போனால் அந்தப் பக்கத்துக் கடல் வந்துவிடும்" என்றார்.

அதைத் தமிழில் சொன்னபோது அண்ணாச்சி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டார். பிறகு ஆள் கொண்டுவந்த நீலச் சட்டையைத் தானே உள்ளே எடுத்துப் போய், கையில் மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்து நீட்டித் தைத்துக் கொண்டுவந்தார்.

திரும்பும்போது தேனாம்பேட்டை சிக்னலில் வண்டி நகரவில்லை. மந்திரியாவதற்கு முன்னால் தன் நாட்டு வானொலியில் கடல் நிலவரம் வாசித்தவர் என்று அப்போதுதான் சொன்னார். இன்றைக்கு அலை எவ்வளவு ஏறும், எந்தத் தெருக்காரர்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்று விடிகாலையில் வாசிப்பாராம். ஒரு தெருவின் பெயரைப் பல வருஷம் வாசித்தார். ஒருநாள் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெரு இல்லை.

"இங்கே உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிரதிநிதியிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். மற்றவர்களிடமெல்லாம் காபியா டீயா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

"ஒரே ஒரு வாக்கியம்" என்றார். "கூட்ட முடிவில் அறிக்கை வெளியிடுவார்கள் அல்லவா, அதில் ஒரு வாக்கியம். நிலம் முழுவதும் கடலுக்குள் போனாலும் அந்த நாடு நாடாகவே தொடரும், அதன் இடமும் குரலும் தொடரும் என்று. எங்கள் ஜனங்கள் எந்த ஊரில் போய் ஒண்டிக்கொண்டாலும், உலகம் கூடும் இடத்தில் எங்களுக்கு ஒரு நாற்காலி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நாங்கள் வெறும் அகதிகள்."

அந்த வாக்கியம் அறிக்கையின் வரைவில் ஏற்கெனவே இருந்தது, ஆனால் இன்னும் ஒப்புக்கொள்ளப்படாததாக, சதுர அடைப்புக்குறிக்குள். அடைப்புக்குறி என்றால் எங்கள் தொழிலில் ஐசியூ மாதிரி. மேஜையில் இருக்கும் ஒரு நாடு அதை முன்மொழிய வேண்டும், வேறு யாரும் எதிர்க்கக் கூடாது, அப்போதுதான் வெளியே வரும். பார்வையாளர் முன்மொழிய முடியாது. முதல் நாள் இடைவேளைகளில் செலூனா காபிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாடாகப் போய் நின்றார். எல்லோரும் மிகவும் அனுதாபப்பட்டார்கள். "நீங்கள் பேச வேண்டியதுதான், கட்டாயம் பேச வேண்டும்" என்றார்கள். எந்த மைக்கில் என்று யாரும் சொல்லவில்லை. செயலக அதிகாரி பெர்னார்ட் மட்டும் ஒரு வழி சொன்னார். இரவு விருந்தில், பரதநாட்டியத்துக்கும் இனிப்புக்கும் நடுவில் அவர் சில நிமிடம் பேசலாம் என்று.

செலூனா அப்படியே பேசினார். பேசும்போது பரிசாரகர்கள் பால் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பாயசம் நன்றாக இருந்தது என்று மறுநாள் பலர் என்னிடம் சொன்னார்கள்.

இரண்டாவது நாள் மதியம். அறையில் தூக்கம் கவிந்திருந்தது. மேஜையில் தேக்குப் பக்கம், நட்டநடுவில் உட்கார்ந்திருந்த பெரிய நாட்டின் பிரதிநிதி எழுந்து போய்விட்டார். உதவியாளர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். டிவி பேட்டிக்காக பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. கடலைப் பின்னணியில் வைத்து, கடல் மட்டம் உயர்வது பற்றிப் பேட்டி.

அந்த நேரம் பார்த்து போட்டோகிராபர்கள் உள்ளே வந்தார்கள். பெர்னார்ட் பதறிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார்.

"நடுவில் காலி நாற்காலி! படத்தில் வரக் கூடாது. யாரையாவது உட்கார வையுங்கள், சீக்கிரம்!"

இது எங்கள் தொழிலில் வழக்கம்தான். இதற்காகவே அன்றைக்கெல்லாம் நான் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பேன். காலி இடத்தில் போய் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, படம் எடுத்து முடித்ததும் எழுந்து வந்துவிட வேண்டும். என் வாழ்நாளில் நான் பல நாடுகளாக இருந்திருக்கிறேன். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கோபாலன் சார் கையை நீட்டித் தடுத்தார். "நீ இரு."

நேராக இரண்டாவது வரிசைக்குப் போனார். செலூனாவிடம் குனிந்து, "மேடம், மேஜைக்கு வர முடியுமா? யாரையாவது உட்கார வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு" என்றார், தன் மயிலாப்பூர் ஆங்கிலத்தில்.

அவர் ஒரு கணம் கோபாலன் சார் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, நீலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரிய நாட்டின் நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோகிராபர்கள் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்துப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. மைக் பித்தானை அழுத்தினார்.

சிவப்பு விளக்கு வந்தது.

அவைத்தலைவர் வயதானவர், நல்ல மனிதர். அவருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கும். யார் பித்தானை அழுத்தினாலும் அந்த நாற்காலிக்கு உரிய நாட்டின் பெயர் அதில் வரும். அவர் திரையைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பார், ஆளைப் பார்க்கும் வழக்கம் கிடையாது. பெரிய நாட்டின் பெயரைச் சொல்லி, "பேசலாம்" என்றார்.

அறை விழித்துக்கொண்டது. பெரிய நாடு பேசுகிறது என்றதும் எல்லோரும் ஹெட்போனைத் தேடினார்கள். ஒருவர் காலைப் பத்திரிகைக்கு அடியில் தேடினார், ஒருவர் கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்தார். அந்தத் தேடலில் செலூனாவின் முதல் வாக்கியம் போய்விட்டது. "நான் இந்தப் பலகையில் எழுதியிருக்கும் நாடு இல்லை, என் நாட்டுக்குப் பலகை இல்லை" என்பதுதான் அந்த முதல் வாக்கியம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களுக்குக் காது மாட்ட நேரமாகிவிட்டது.

பிறகு பேசியதை எல்லோரும் கேட்டார்கள். ஆட்டோவில் பேசிய குரல் இல்லை அது. அவசரமில்லாமல் ஒவ்வொரு சொல்லாக, தூரத்தில் யாரோ ஒரு சமையலறையில் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் வந்த குரல்.

"எங்கள் நிலத்தைக் காப்பாற்றித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை முந்தைய கூட்டங்களில் கேட்டுவிட்டோம். இது வேறு கேள்வி. எங்கள் கடைசித் தெருவும் போன பிறகு எங்களை நாடு என்று கூப்பிடுவீர்களா? கூப்பிட்டால் நாங்கள் வந்து எங்கே உட்கார வேண்டும்? அடைப்புக்குறிக்குள் இருக்கும் வாக்கியத்தை வெளியே எடுக்க முன்மொழிகிறேன்."

விளக்கு அணைந்தது. கோபாலன் சார் கதவோரமாக, கல்யாணத்தில் முகூர்த்தம் முடியும்வரை நிற்பாரே அதுபோல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவைத்தலைவர் திரையைப் பார்த்தபடியே பெரிய நாட்டுக்கு நன்றி சொன்னார். உடனே எதிர்ப்பக்கம் ஒரு விளக்கு எரிந்தது. எப்போதும் பெரிய நாட்டை ஆதரிக்கும் நாடு அது. அதன் பிரதிநிதி கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "முன்மொழிவை முழுமனதாக ஆதரிக்கிறோம்" என்றார். அடுத்து ஒருவர். அதற்கடுத்து ஒருவர். அறையில் பாதிப் பேருக்கு நடந்தது புரிந்துவிட்டது. அவர்கள் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புரியாதவர்களுக்குப் பின்னால் புரிந்தவர்கள் ஒளிந்துகொண்டார்கள். தனியாக நின்று ஆதரிக்கத் தைரியமில்லாதவர்களுக்கு, தெரியாமல் ஆதரித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வசதி கிடைத்துவிட்டது. எதிர்ப்பு இல்லை. அவைத்தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

பெர்னார்ட் எங்களை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன காரியம் செய்தீர்கள் மிஸ்டர் கோபாலன்?"

"யாரையாவது என்று சொன்னீர்கள். அவர்களும் யாரோ ஒருவர்தானே சார்?"

பெரிய நாட்டின் பிரதிநிதி காலணியில் மணலோடு திரும்பி வந்தார். உதவியாளர் காதில் விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்தது. மறுத்து அறிக்கை விடத்தான் நினைத்திருப்பார். ஆனால் அதற்குள் அந்தப் படம் வெளியே போய்விட்டிருந்தது. தன் நாற்காலியையே ஒரு தீவு நாட்டுக்குத் தந்த பெருந்தன்மை என்று உலகம் பாராட்ட ஆரம்பித்திருந்தது. அவர் கைபேசியில் அதைப் படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நேராகச் செலூனாவிடம் போய்க் கட்டியணைத்தார். "நெடுநாளாக எங்கள் நிலைப்பாடு இதுதான்" என்று நிருபர்களிடம் சொன்னார்.

அன்றிரவு வரைவுக் குழு அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் இளைக்க வைத்தது. 'நாடு தொடரும்' என்பது 'தொடரலாம் என்ற கருத்தைக் கவனத்தில் கொள்கிறோம்' என்று ஆனது. மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் காரில் எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. 'லாம்' என்று போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்களே என்றேன்.

செலூனா ஜன்னல் வழியாக அடையாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடல் நிலவரத்திலும் அப்படித்தான் வாசிப்பேன்" என்றார். "அலை உயரலாம் என்று. அதைக் கேட்டு எங்கள் ஜனங்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். உயரும் என்று யாராவது உறுதி சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள் இல்லை."

நான் இருந்த வரைக்கும் செயலகத்திலிருந்து எங்கள் கம்பெனியை மறுபடி கூப்பிடவில்லை. அந்தக் கூட்டத்தின் சீர்திருத்தங்களில் உடனடியாக அமலுக்கு வந்தது ஒன்றுதான். மைக் பித்தானை உட்கார்ந்திருப்பவர் அழுத்துவதை எடுத்துவிட்டு, பின்னறையிலிருந்து ஒருவர் இயக்கும்படி மாற்றினார்கள். எங்களுக்கு மறுபடியும் கல்யாணம், டாக்டர்கள், வங்கிக்காரர்கள். கோபாலன் சாரிடம் ஒருநாள், அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். கபாலீசுவரர் கோயில் குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் சம்பந்தி வரிசைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்த ரெண்டாவது வரிசை நாற்காலிலயும் உக்காந்து பாத்தேன் அரசி" என்றார். "அங்கேருந்து எல்லார் முதுகும் தெரிஞ்சது. ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. பூச்சாடியா, எடுக்கச் சொல்றதுக்கு?"

சில வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்ற புதிதில், செலூனா வாட்ஸப்பில் கூப்பிட்டார். அடுத்த உச்சி மாநாடு வேறு ஏதோ தேசத்தில். தீவு நாடுகளுக்கு இந்த முறை மேஜையிலேயே இடம் கொடுத்திருந்தார்கள். பெயர்ப்பலகையோடு, இரண்டு பக்கமும் பெயரோடு.

"பேசினீர்களா?"

"பேச ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெரிய நாற்காலிகள் எல்லாம் காலி. அசல் பேச்சு பக்கத்தில் ஒரு சின்ன அறையில் நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. "அப்புறம் என்ன செய்தீர்கள்?"

"பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்."

"திறந்தார்களா?"

"திறந்தார்கள். காபி கொண்டுவந்தவள் என்று நினைத்து."

"ஐயோ. அப்புறம்?"

"உட்கார்ந்துவிட்டேன்" என்றார்.